கணினிப் படிப்புக்கு எவ்வளவு கடன் தாங்கும்?

தென்காசி மாவட்டத்தில் வீரகேரளம்புதூர் வட்டத்தைச் சேர்ந்த சுரண்டை, சுற்றுக் கிராமங்களின் காய்கறி வந்து குவியும் சந்தை ஊர். கிணற்றுப் பாசனம், பீடிச் சுற்று, சிறு கடை, கூலி என்று நாளுக்கு நாள் கூடிக் குறையும் வருமானத்தில்தான் இந்த வட்டாரத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை நிற்கின்றன. மாதம் பிறந்தால் இவ்வளவு வரும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பணம், வீட்டில் ஒருவர் அரசு வேலையிலோ கம்பெனி வேலையிலோ சேர்ந்த பிறகுதான் வருகிறது. ஆகவே பிளஸ் டூ முடிவு வந்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக வீடு பரபரப்பதில் வியப்பில்லை. அப்போது இரண்டு குரல்கள் எழுகின்றன. கணினிப் படிப்புக்கு வாங்கிய கடனைக் கணினி வேலையே அடைத்துவிடும் என்கிறது ஒன்று. இன்ஜினியரிங் படித்தவன் எல்லாம் சும்மா இருக்கிறான், கடன் வாங்கிப் படிப்பது வீண் என்கிறது மற்றொன்று. இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. பட்டத்துக்கு ஒரே விலையும் ஒரே பலனும் உண்டு என்று எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் அதே பட்டம் தமிழ்நாட்டில் பல விலைகளில் கிடைக்கிறது. வேலைச் சந்தையோ பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே சம்பளத்தைத்தான் தருகிறது. கடனின் அளவை முடிவு செய்ய வேண்டியது அந்தத் தொடக்கச் சம்பளம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விலையிலிருந்து தொடங்குவோம். தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு மாநிலக் கட்டணக் குழு 2017-இல் வகுத்த உச்சவரம்பின்படி, கவுன்சலிங் வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேரும் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000-மும் 87,000-மும். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் வழிச் சேர்க்கையில் ஆண்டுக்கு 25,000 ரூபாயை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் பெற்றவருக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டுமே அரசின் செலவு. இன்னொரு முனையில், இந்தக் கட்டணக் குழுவின் வரம்புக்குள் வராத நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியலுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சத்தில் தொடங்கி நாலைந்து லட்சம் வரை கேட்கிறார்கள். ஆக, பெயரளவில் ஒன்றாக இருக்கும் ஒரு பட்டம் ஒரு மாணவருக்குச் செலவே இல்லாமலும், இன்னொருவருக்கு இரண்டே கால் லட்சத்துக்குள்ளும், மற்றொருவருக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேலும் கிடைக்கிறது. கணினிப் படிப்பு கட்டுப்படியாகுமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரித் திட்டம்தான் இன்றைய கல்விக் கடன்களின் அடித்தளம். நான்கு லட்சம் வரை சொத்துப் பிணையோ முன்பணமோ கேட்கக்கூடாது. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வீடு, நிலம் போன்ற சொத்தைக் காட்ட வேண்டும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பிறகு பதினைந்து ஆண்டுகள் வரை அடைக்கலாம். தவணை இல்லாத அந்த ஐந்தாண்டுகளில் வட்டியும் இல்லை என்று நினைப்பவர்கள் பலர். வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கட்டணம், விடுதி, புத்தகம், லேப்டாப் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் கடன்; ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சமாக வங்கி தருகிறது; வட்டி பத்து விழுக்காடு. முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு இரண்டு என்று தனிவட்டி மட்டுமே 1,40,000 ரூபாய். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். மொத்தத்தில் எட்டரை லட்சத்துக்கு மேல். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் உண்டு. அந்த மானியம் முறையாகக் கிடைத்தால் தவணை மாதம் 5,290 அளவுக்குக் குறையும். கையெழுத்துப் போடும் நாளிலேயே இதை வங்கியில் கேட்டு எழுதிக் கொடுத்தவருக்கும் கேட்காமல் விட்டவருக்கும் பத்தாண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

இனி வரவு. கல்லூரி விளம்பரப் பலகைகளில் இருபது லட்சம், நாற்பது லட்சம் என்று மின்னும் தொகைகள் ஓரிருவருக்குக் கிடைத்தவை. பெருவாரியான மாணவர்களை வேலைக்கு எடுப்பவை பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்கள். அவை புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்குத் தரும் வழக்கமான ஆண்டு ஊதியம் மூன்று லட்சத்துக்கும் மூன்றரை லட்சத்துக்கும் இடையில் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேங்கி நிற்கிறது. டி.சி.எஸ்ஸின் 3.36 லட்சம் இதற்கு நன்கறியப்பட்ட அடையாளம். இதே காலத்தில் விலைவாசி ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனத்தின் 2.52 லட்சம் ரூபாய் ஆண்டு ஊதிய அறிவிப்பு நாடு முழுக்கக் கேலிக்கு உள்ளானபோது, அது மூன்றாண்டுப் பட்டம் பெற்ற பொறியியல் அல்லாத மாணவர்களுக்கானது என்றும், பொறியியல் பட்டதாரிகளுக்கு நான்கு லட்சத்திலிருந்து தருவதாகவும் நிறுவனம் விளக்கியது. ஆகத் தொடக்கநிலைச் சந்தை இரண்டரை லட்சத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் நடுவில் நிற்கிறது. 3.36 லட்சத்தில் பிடித்தம் போக மாதம் கைக்கு வருவதை 23,000 என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலோ பெங்களூரிலோ தங்கிச் சாப்பிட அதில் பாதி போய்விடும். மீதியில் ஊருக்கு அனுப்புவதும் கடன் தவணையும் அடங்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் வரம்பு தானே தெரிகிறது. நான்கு லட்சக் கடனின் 7,140 ரூபாய்த் தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. தாங்கலாம்; ஆனால் ஊருக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. பதினைந்து லட்சக் கடனோ, இதே கணக்கில் தவணை தொடங்கும்போது இருபதே கால் லட்சமாகி, பதினைந்து ஆண்டுகளுக்கு மாதம் 21,760 ரூபாய் கேட்கும். ஏறக்குறைய முழுச் சம்பளமும் அதற்கே போய்விடும். இதிலிருந்து ஒரு கைக்கணக்கை வகுக்கலாம்: இடைக்கால வட்டியும் சேர்ந்த மொத்தக் கடன், அந்தக் கல்லூரியின் நடுத்தர மாணவர் பெறக்கூடிய ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. மூன்று லட்சம் என்று எடுத்தால் பத்தாண்டுத் தவணை நாலாயிரத்துக்குள் நிற்கும். சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குதான். வட்டியை நீக்கிப் பார்த்தால் இதன் அசல் ஏறக்குறைய இரண்டே கால் லட்சம். அரசு ஒதுக்கீட்டுக் கட்டணமான 55,000 நான்காண்டுகளுக்கு 2,20,000 ஆவதை நினைவில் கொண்டால், கவுன்சலிங் சீட்டின் படிப்புக் கட்டணத்துக்குக் கடன் வாங்குவது இந்த வரம்புக்குள் அடங்கும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முழுக்கக் கடனில் போவது அடங்காது.

நடுத்தர மாணவர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த முதலீட்டில் உள்ள நிச்சயமின்மை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட இந்தியத் தொழிலாளர் நிலை அறிக்கை, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் வேலையின்மை 42 விழுக்காட்டைத் தாண்டியிருந்ததாகச் சொல்கிறது. வயது ஏற ஏற அது கீழிறங்குகிறது என்பதையும் அதே அறிக்கை காட்டுகிறது. அதாவது பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது, ஆனால் தாமதமாக. கல்விக் கடனின் தவணையோ அந்தத் தாமதத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. கூடவே, கடன் எழுதும் ஆண்டுக்கும் வேலை தேடும் ஆண்டுக்கும் நடுவில் நான்கு வருடம் கிடக்கிறது. 2018-இல் சேர்ந்து 2022-இல் வெளிவந்தவர்களை நிறுவனங்கள் போட்டி போட்டு எடுத்தன. 2020-இல் சேர்ந்து 2024-இல் வெளிவந்தவர்களோ, டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஒரே நிதியாண்டில் சுமார் 64,000 ஊழியர்கள் குறைந்துபோன சந்தையைச் சந்தித்தார்கள். இருவருக்கும் மதிப்பெண்ணில் வேறுபாடு இருந்திருக்க வேண்டியதில்லை. மந்த காலத்தில் பட்டம் பெற்றவர்களைப் பற்றிக் கனடாவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு, தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு வருமான இழப்பு ஏற்பட்டு, ஐந்தாண்டில் பாதியாகி, பத்தாண்டில்தான் மறைகிறது என்று கண்டது. பெரிய கடனைச் சுமந்தவருக்கு அந்தப் பத்தாண்டுதான் கடன் காலம்.

இதற்கு முதல் மறுப்பு: தொடக்கச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது குறுகிய பார்வை, மூன்றாண்டு அனுபவத்துக்குப் பின் கம்பெனி மாறினால் சம்பளம் இரட்டிப்பாகிறதே, வாழ்நாள் வருமானத்தை வைத்தல்லவா எடைபோட வேண்டும்? வாழ்நாள் கணக்கில் கணினிப் படிப்பு பலருக்கு லாபம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் வாழ்நாள் லாபத்தைக் காட்டி வங்கியிடம் தவணையைத் தள்ளிப்போட முடியாது. மூன்று தவணை தவறினால் கணக்கு வாராக்கடனாகும். சிபில் மதிப்பெண் விழும். பிறகு வண்டிக்கும் வீட்டுக்கும் கடன் கிடைப்பது கடினம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பளம் இரட்டிப்பாகும் அந்த வேலை மாற்றத்துக்குச் சில மாதங்கள் துணிந்து நிற்க வேண்டும்; புதிய தொழில்நுட்பம் படிக்க வேண்டும்; பிடிக்காத வேலையை விட வேண்டும். மாதம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கட்டியாக வேண்டியவர் அந்தத் துணிவை எடுக்க முடியாமல், கிடைத்த இடத்திலேயே இருந்துவிடுகிறார். பெரிய கடன் பிற்கால வளர்ச்சியையும் சேர்த்தே அடைமானம் கேட்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. செலவு குறைந்த பி.எஸ்சி.க்கும் பி.சி.ஏ.வுக்கும் சம்பளம் குறைவு, பி.இ. இருந்தால்தானே நல்ல கம்பெனி கூப்பிடும்? குறைவு என்பது உண்மை. எவ்வளவு குறைவு என்று பார்ப்போம். மேலே சொன்ன 2.52 லட்சத்துக்கும் 3.36 லட்சத்துக்கும் வித்தியாசம் ஆண்டுக்கு 84,000 ரூபாய். நான்கு லட்சக் கடனில் பி.இ. படித்தவர் ஆண்டுக்குக் கட்டும் தவணை சுமார் 85,700 ரூபாய். முதல் ஆண்டுகளில் கூடுதல் சம்பளம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்கிறது. அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் படித்தவரோ ஓராண்டு முன்பே சம்பாதிக்கத் தொடங்குகிறார். சுரண்டையிலேயே காமராஜர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பட்டம் என்பது விடுதிச் செலவையும் மிச்சமாக்கும். அங்கிருந்து மேலே ஏறும் வழிகளும் முன்பைவிட அதிகம். விப்ரோ பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்துத் தன் செலவில் எம்.டெக். படிக்கவைக்கும் திட்டத்தை நெடுங்காலமாக நடத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தை மற்றொரு கல்லூரியில் படித்துக்கொண்டே தொடரலாம். வருமானமும் சமூகப் பிரிவும் பார்த்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. நீண்ட காலத்தில் பி.இ.யின் வாய்ப்புகள் விரிவானவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. குறைந்த கடனில் கிடைக்கும் பி.இ.க்குத்தான் அந்த வாதம் பொருந்தும்.

இந்த வட்டாரத்தில் இவ்விடத்தில் எல்லோர் வாயிலும் வருவது மத்தளம்பாறை. சோஹோ நிறுவனம் 2011 முதல் தென்காசிக்கு அருகே அந்தக் கிராமத்தில் அலுவலகம் நடத்துகிறது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைக் கட்டணமின்றி, மாத உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் அதன் பள்ளி, நிரல் எழுதும் திறமைக்குப் பட்டம் கட்டாயமில்லை என்பதற்குக் கண்முன் இருக்கும் சான்று. ஆனால் அதிலிருந்து பட்டமே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. அந்தப் பள்ளி எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கை, ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிக்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பெரும்பாலான வேலைகளுக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் வெளிநாட்டு வாய்ப்புகளுக்கும் பட்டம் நுழைவுச்சீட்டாகவே இருக்கிறது. மத்தளம்பாறை சொல்லும் பாடம் வேறு: வேலை கொடுப்பவர் கடைசியில் வாங்குவது திறமையை. கூடுதல் கட்டணம் கூடுதல் திறமையைத் தருமா என்று காட்டும் பொறுப்பு கட்டணம் கேட்பவருடையது.

அந்தப் பொறுப்பைத் தங்கள் பிளேஸ்மென்ட் கணக்கே நிறைவேற்றுகிறது என்பது பெரிய கட்டணக் கல்லூரிகளின் பதில். மூன்றாவது மறுப்பும் அதுவே. அங்கே கம்பெனிகள் நிறைய வருகின்றன என்பது மெய். ஆனால் நுழையும்போதே நல்ல மதிப்பெண்ணும் ஆங்கிலமும் நகரப் பழக்கமும் கொண்டு வந்தவர்களின் வெற்றியைக் கல்லூரி தன் சாதனையாக எழுதிக்கொள்கிறது. ஒரே மாணவருக்கு வந்த இரண்டு மூன்று ஆஃபர்களைத் தனித்தனியாக எண்ணுவதும், கிடைக்காதவர்களைத் தகுதி பெறாதவர்கள் என்று கணக்கிலிருந்து நீக்குவதும் எளிது. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் சேர்க்கை இடங்களுக்கான உச்சவரம்பை நன்கு நடக்கும் கல்லூரிகளுக்குத் தளர்த்திய பின், கணினிப் பிரிவுகள் மேலும் பெருகியுள்ளன. சென்ற ஆண்டின் பிளேஸ்மென்ட் விகிதம் இரண்டு மடங்கு மாணவர்களுக்கு அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. வட்டிச் சலுகை தரும் அரசே கல்லூரியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீனும் இல்லாத கடன், எட்டு லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் வரையான கடனில் மூன்று விழுக்காடு வட்டிச் சலுகை எல்லாம் உண்டு. ஆனால் தேசியத் தரவரிசையின் அடிப்படையில் தேர்ந்த (தொடக்கத்தில் 860) நிறுவனங்களில் இடம் கிடைத்தவருக்கு மட்டும். சுரண்டை வட்டாரத்து மாணவர்கள் வழக்கமாகச் சேரும் கல்லூரிகளில் மிகப் பல அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும். அரசு தன் வட்டிச் சலுகையைக் கொடுக்கத் தயங்கும் இடத்தில் ஒரு குடும்பம் தன் வயலை ஈடு வைக்கும் முன் யோசிக்க வேண்டும்.

கடைசி மறுப்பு நியாயத்தைப் பற்றியது. வசதியுள்ளவர் பிள்ளை பெரிய கல்லூரிக்குப் போக, ஏழை வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் கணக்குப் பார் என்பது ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தாதா? உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டின் சராசரி 28 விழுக்காடாக இருக்க, தமிழ்நாடு 47-ஐ எட்டியதில் கடனுக்கும் கட்டணச் சலுகைக்கும் பங்கு உண்டு. ஆகவே கடனே கூடாது என்று சொல்வது பிற்போக்கு. அநியாயம் இருக்கும் இடம் கடனின் வடிவமைப்பு. வேலை கிடைத்ததா, எவ்வளவு சம்பளம் என்று பாராமல் ஒரே தொகையை ஒரே நாளில் கேட்கும் கடன் இது. 2014 இடைக்கால பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், பழைய கல்விக் கடன்களின் வட்டிச் சுமையைக் குறைக்க ஒன்பது லட்சம் மாணவர்களுக்காக 2,600 கோடி ஒதுக்க நேர்ந்ததும், 2016-இல் வசூல் நெருக்கடி தாங்காமல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டதும் அந்த வடிவமைப்பின் விளைவுகள். ஆஸ்திரேலியா 1989-இலேயே வேறு வழி கண்டது: வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும்; அதுவும் வருமானத்தின் ஒரு விகிதமாக, வரியோடு சேர்த்து. இந்தியாவில் வருமானத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது வழக்கமான பதில். வருங்கால வைப்பு நிதியும் வரிப் பிடித்தமும் மாதந்தோறும் பதிவாகும் கணினித் துறைக்கு அந்தப் பதில் பொருந்தாது. பெண் பிள்ளைகளுக்கு இதன் பயன் இன்னும் அதிகம். திருமணமோ பிள்ளைப்பேறோ வந்து வேலை தடைப்பட்டால் தவணை யார் தலையில் என்ற கேள்வியே பல வீடுகளில் மகளை மேற்படிப்புக்கு அனுப்பாமல் இருக்கச் சாக்காகிறது. சிறிய கடனும், வருமானத்தோடு ஏறி இறங்கும் தவணையும் அந்தச் சாக்கை எடுத்துவிடும்.

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போட வேண்டியிருக்கிறது. 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சலுகை, அரசுக் கல்லூரி, கவுன்சலிங் சீட் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் கடனைப் பற்றிப் பேச வேண்டும். கல்லூரியை எடைபோட அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதம் பிளேஸ்மென்ட் விளம்பரத்தைவிட நம்பகமானது. அரியர் குவியும் கல்லூரியில் கம்பெனித் தேர்வுக்கு உட்காரும் தகுதியே பாதிப் பேருக்கு இருக்காது. கல்லூரிக்குப் போனால் அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டாம். சென்ற ஆண்டு இந்தப் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள். வட்டியோடு சேர்ந்த கடன் அந்த நடுச் சம்பளத்தின் ஓராண்டுத் தொகைக்குள் அடங்கினால் தயங்காமல் கையெழுத்திடலாம். அடங்காவிட்டால், அந்தக் கல்லூரி எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் அந்தக் கடன் வேண்டாம்.